கிராஸ் கட்டிங்: மதுரைச் சமவெளியில் டைல்ஸ் பிளக்கும் கலை குறித்து ஓர் ஆய்வு

மதுரையைப் பற்றி இன்னும் ஆராயாத பொருள் ஒன்று மிச்சமிருக்குமானால், அது டைல்ஸை மூலைக்கு மூலை வெட்டுவதுதான். சுங்குடிச் சேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, மல்லிகைக்கும் வாங்கியாயிற்று. கிராஸ் கட்டிங்கை மட்டும் ஆய்வுலகம் தீண்டவில்லை. முன்னாய்வுகள் இல்லாத துறையில் முன்னோரை மறுத்துப் பெயர் வாங்கும் வாய்ப்பு ஆய்வாளருக்கு இல்லை. அந்தக் குறையை, கிடைத்த இடத்திலெல்லாம் சமகாலத்தவரை மறுத்து ஈடுகட்டியிருக்கிறோம்.

ஆய்வின் எல்லை: வடக்கே ஊமச்சிகுளம், தெற்கே திருப்பரங்குன்றம், கிழக்கே ஒத்தக்கடை, மேற்கே நாகமலை புதுக்கோட்டை. பொருள்: கடைக்காரர் விட்ரிஃபைடு என்றும் போர்சலின் என்றும் மாற்றி மாற்றிச் சொல்லும், குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வரும் ஓடு. கருவி: கரன்ட் வேண்டாத கைக்கட்டர். மோட்டார் வைத்த கட்டிங் மெஷினை ஆய்விலிருந்து விலக்கியுள்ளோம். அது எதையும் வெட்டிவிடும். எதையும் வெட்டிவிடுவதில் ஆராய என்ன இருக்கிறது? தவிர, அதன் தூசி மூன்று வீடு தள்ளி மாடியில் காயும் வடகத்தில் போய் இறங்கும்போது எழும் சொற்களை ஆய்வேட்டில் பதிவது முறையாகாது.

தொன்மையிலிருந்து தொடங்குவதே தமிழாய்வு மரபு. மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழடியில் செங்கல் கட்டுமானமும் கூரை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. மூலைக்கு மூலை வெட்டிய தரை ஓடு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்காக இருந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. இந்த ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு பலர் பல நூல்கள் எழுதியிருப்பதால் நாமும் எழுதிவைக்கிறோம்.

கணக்குக்கு வருவோம். போதையனார் பெயரில் ஒரு சூத்திரம் வாட்ஸ்அப்பில் வாரந்தோறும் வலம் வருகிறது. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு, அகலத்தில் பாதியைக் கூட்டு, கர்ணம் வந்துவிடும் என்பது அதன் சாரம். மூன்றுக்கு நான்கு கொடுத்தால் ஐந்து கிடைக்கிறது. ஐந்துக்குப் பன்னிரண்டு கொடுத்தால் பதின்மூன்று. தமிழன் நெஞ்சு நிமிரும் இடம் இது. ஆனால் இதைக் கடையில் ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்று விற்கும் டைல்ஸில் வைத்துப் பார்த்தவர் யார்? அந்த டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டடிக்கு மூன்று நூல் குறைவு. அதன் கர்ணம் 848.5. போதையனார் வழியில் 825. ஏழு நூலுக்கு மேல் உதைக்கிறது. சரி, சதுரத்தில்தான் சறுக்குகிறார் என்று ‘ரெண்டுக்கு நாலு’ டைல்ஸுக்குப் போனால், 1,342 வரவேண்டிய இடத்தில் 1,350 தருகிறார். அங்கே குறைத்ததில் ஒரு பங்கை இங்கே திருப்பிக் கொடுத்துவிடும் நேர்மை பாராட்டத்தக்கது.

இவ்வளவையும் கணக்கிட்டுக்கொண்டு ஆய்வாளர் களத்துக்குப் போனால், டைல்ஸ்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்து மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். கர்ணத்தின் நீளம் அவருக்குக் கட்டர் வாங்கும் அன்று ஒரு தடவைதான் வேண்டியிருக்கிறது. 600 டைல்ஸுக்கு 600 கட்டர் போதும் என்று வாங்கியவர், முதல் கிராஸிலேயே தண்டவாளம் முக்கால் வழியில் தீர்ந்துபோவதைப் பார்ப்பார்.

இனிக் கோட்பாடு. கைக்கட்டர் வெட்டுவதே இல்லை, கீறுகிறது, அவ்வளவுதான். அதன் சக்கரம் பழைய ஐம்பது பைசா அளவு, டங்ஸ்டன் கார்பைடு. அது போடும் கீறலின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பிறகு கீறலுக்கு நேர் அடியில் ஒரு கம்பி, மேலே இரண்டு பக்கமும் அமுக்கும் ஒரு கால். அமுக்கும்போது டைல்ஸின் மேல்முகம் இழுபடுகிறது. இழுவிசை முழுவதும் கீறலின் அடிநுனியில் போய்க் குவிகிறது. பிளவு அங்கிருந்து ஓடிவிடுகிறது. கண்ணாடி ஏன் கணக்குப்படி தாங்கவேண்டிய பளுவைத் தாங்குவதில்லை என்ற கேள்விக்கு, கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களே காரணம் என்று இங்கிலாந்தின் கிரிஃபித் 1921-ல் விடை எழுதினார். ஸ்பெயினில் ரூபி என்ற ஊரின் போவாடா சகோதரர்கள் 1951-ல் கைக்கட்டர் தொழிலில் இறங்கினார்கள். மேலூர்ப் பக்கத்துக் கல்லுடைப்பவர்கள் இவர்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. பாறையில் வரிசையாக உளிக்குழி போட்டு, குழிக்கு ஒரு ஆப்பு வைத்து, மாற்றி மாற்றித் தட்டி, வேண்டிய கோட்டில் பாறையைப் பிளக்கவைத்தார்கள். பாதியில் கைவிட்ட குழிவரிசைகளை இந்தப் பக்கத்துப் பாறைகளில் இன்றும் பார்க்கலாம். எங்கே உடையவேண்டும் என்று சொல்லிக்கொடு, உடைவதை அதனிடமே விடு என்ற முறை அது.

போர்சலின் அவ்வளவு சுலபமாகச் சொல்பேச்சுக் கேட்பதில்லை. 1,200 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெந்தது. தண்ணீர் குடிப்பது எடையில் அரை சதவீதத்துக்கும் கீழே. பழைய சுவர் டைல்ஸ் கைக்கு இளகும், இது முறைக்கும். நேர்வெட்டில் சக்கரம் ஏறும் இடத்தில் அங்கிட்டும் ஓடு, இங்கிட்டும் ஓடு. கிராஸில் சக்கரம் ஏறுவது வெறும் முனையில். அங்கிட்டும் காற்று, இங்கிட்டும் காற்று. எடுத்த எடுப்பில் அழுத்தினால் முனை சில்லாகப் பறக்கும். அதனால் கை தெரிந்தவர் முனைக்கு ஒரு நூல் உள்ளே சக்கரத்தை வைத்து, எதிர்முனை வரை ஒரே மூச்சில் தள்ளி, விட்டுப்போன நூலளவைத் திரும்பி வரும்போது தொட்டு முடிக்கிறார். தள்ளும்போது வரும் ‘சர்ர்ர்’ ஒரே சுருதியில் இருக்கவேண்டும். நடுவில் ஓசை அறுந்தால் கீறலும் அங்கே அறுந்திருக்கிறது. அமுக்கும் காலையும் முனையிலேயே வைக்கக்கூடாது; நாலு விரக்கடை உள்ளே தள்ளி வைத்தால்தான் காலின் இரண்டு இறக்கைக்கும் அடியில் ஓடு இருக்கும்.

இத்துறையின் பெரும் சர்ச்சை ஒரு கீறலா, இரு கீறலா என்பது. இரு கீறல் கட்சியில் பெரும்பாலும் வீட்டுக்காரர்களே இருக்கிறார்கள். திருநகர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்த விவாதத்தை அப்படியே தருகிறோம்.

“அண்ணே, எதுக்கும் இன்னொரு தடவ இழுத்துருங்க. லேசா ஒடையும்ல?”

“ஒரு தடவ இழுத்தா அது என் பொறுப்பு சார். ரெண்டாந் தடவ இழுக்கச் சொன்னீங்கன்னா அது உங்க டைல்ஸ்.”

இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது. இரண்டாம் கீறல் முதல் கீறலின் மேலேயே விழுவதில்லை; மயிரிழை தள்ளி விழுகிறது. பிளவுக்கு இரண்டு வழி கிடைத்தால் அது மூன்றாவது வழியில் போகிறது.

சதுர டைல்ஸைக் குறுக்கே ஏன் வெட்டவேண்டும்? தரையில் டைமண்ட் டிசைன் போட. சுவரோரம் முழுக்க முக்கோணம் வேண்டும். வேஸ்டேஜுக்குப் பதினைந்து சதவீதம் சேர்த்து வாங்கச் சொல்வார்கள். அழகுக்காகச் செய்கிறோம் என்று வீட்டுக்காரர் நம்புகிறார். எம் கருதுகோள் வேறு. மதுரை நகரம் சதுரத்துக்குள் சதுரமாக, ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வரிசையாக அமைந்தது. அந்தச் சதுரங்களுக்குள் இருக்கும் வீடுகளிலோ, புறநகரில் புதிதாக எழும் வீடுகளிலோ மூலைமட்டத்துக்கு அடங்கும் அறையைத் தேடித்தான் பார்க்கவேண்டும். வடக்குச் சுவர் பத்தடி என்றால் தெற்குச் சுவர் பத்தடி இரண்டு அங்குலம். நேராகப் போட்டால் கடைசி வரிசை நாலு அங்குலத்தில் தொடங்கி இரண்டு அங்குலத்தில் போய் ஒடுங்கும். பால் காய்ச்ச வந்த சித்தப்பா முதலில் அதைத்தான் பார்ப்பார். டைமண்டில் எந்தக் கோடும் சுவரோடு இணையாக ஓடுவதில்லை. முக்கோணங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு போவதை யார் கண்ணும் பிடிப்பதில்லை. கொத்தனார் செய்துவிட்டுப்போன கோணலை டைல்ஸ்காரர் மூடி மறைக்கும் தொழில் தர்மமே கிராஸ் கட்டிங் என்பது எம் துணிபு. இதைக் கொத்தனார்கள் மறுக்கிறார்கள்.

உடைந்தவற்றின் கதி தனி ஆய்வுக்கு உரியது. பெரிய சில்லுகள் கேஸ் சிலிண்டருக்கு அடியிலும் துணி துவைக்கும் கல்லின் ஓரத்திலும் மறுவாழ்வு பெறுகின்றன. வெள்ளையாக இருந்தால் சித்திரை வெயிலைத் தடுக்க மொட்டைமாடிக்குப் போகும். சிக்கலெல்லாம் முனை மட்டும் மூக்கறுந்த முக்கோணத்தால்தான். எறியவும் மனம் வராது, எடுத்து ஒட்டவும் மனம் வராது. கடைக்கு ஓடினால், அந்த ஷேடு இப்போது வருவதில்லை, அடுத்த லாட் வந்தாலும் ஒரு சாயல் தள்ளித்தான் இருக்கும் என்பார்கள். வீட்டுக்காரர், டைல்ஸ்காரர், மேஸ்திரி மூவரும் கூடி, இடுப்பில் கைவைத்து நின்று, அறையின் நாலு மூலையையும் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள்.

மதுரை வீடுகளில் பீரோ கன்னி மூலையில் நிற்பதற்கு வாஸ்துவே காரணம் என்று இதுவரை கருதப்பட்டு வந்தது. பீரோவை நகர்த்திப் பார்க்க எந்த வீட்டாரும் எமக்கு அனுமதி தரவில்லை.