உலக்கைக்கு வந்த கண்டம்

ஒட்டுசுட்டானில் தானாய்த் தோன்றியது சிவலிங்கம் ஒன்றுதான். தான்தோன்றீஸ்வரர் என்று அவருக்குப் பேரே அதனால் வந்தது. மற்ற எதுவும் இங்கே ஆராவது முறிந்து செய்தால்தான் உண்டு. மகள் கேட்ட கிற்றாரும் அந்த வகை என்பது என்னுடைய கட்சி. கிற்றார் கடையில் தோன்றும் என்பது மனுசியின் கட்சி.

கடையிலும் தோன்றியதுதான். 2022 இல் ரூபாய் விழுந்த விழுகைக்குப் பிறகு, வவுனியாவில் ஒரு கடைக்காரர் விலைத்துண்டைத் திருப்பிக் காட்டினார். வாசிக்கிற ஆளையும் சேர்த்துத் தருகிறீர்களா என்று கேட்க வாய் வந்தது. மகளின் முகம் தொங்கிப்போயிற்று. "அழாதை பிள்ளை, அப்பா செய்து தாறன்" என்றேன். சும்மா சொல்லவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள்ளால் வந்த சனம் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தலில் விளக்குச் செய்தோம். எங்களுக்கு ஓட்டை போட்ட ஒரு பெட்டியும் ஆறு கம்பியும் பெரிய விசயமா? (டைனமோவைச் சுற்றியது அண்ணை, விளக்குச் செய்தது அம்மா. நான் ரேடியோ கேட்டேன். இந்த விபரத்தை மனுசி வருகிற போகிற எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள்.)

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசியும் மாவும் சீனியும் நிறுத்தே பென்சனுக்கு வந்தவன். எனக்குத் தெரிந்த தத்துவமெல்லாம் தராசுத் தத்துவம்: பாரம் கூடினால் பெறுமதி கூடும். வன்னியில் எல்லாரும் இதே மதம்தான். கதவென்றால் முதிரை, வளையென்றால் பாலை. பாலைக் குற்றியைக் குளத்துக்குள் தள்ளினால் மிதக்காது, நேரே அடிக்குப் போய்விடும். அதைத்தான் நாங்கள் மரம் என்று ஒத்துக்கொள்வோம். சீதனக் கட்டிலை நாலு பேர் பிடித்து இறக்கினால் மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருப்தி. இரண்டு பேர் இறக்கிவிட்டால் பெண் வீட்டாரின் காதுபட இரண்டு கதை விழும்.

கிற்றார் இந்த மதத்துக்குப் பரம விரோதி. நைலோன் நரம்புக் கிற்றார் நல்லதென்றால் முழுசாக ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்டத்தான் நிற்கும். மேற்பலகையின் தடிப்பு இரண்டரை மில்லிமீற்றர். ஆறு நரம்பையும் முறுக்கிச் சுதி சேர்த்தால் அவை அந்தப் பலகையை ஏறத்தாழ 40 கிலோ இழுவையில் இழுக்கும். ஒரு சீமெந்துப் பைக்குப் பத்துக் கிலோதான் குறைவு. தடிப்பாய் விட்டால் உடையாது, சத்தமும் வராது. மெல்லிசாய்ச் சீவினால் சத்தம் வரும், பலகையும் பிளந்து வரும். உடைகிற இடத்துக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கமாய் நிற்பதுதான் இந்தத் தொழிலே. காலம் முழுக்க ஐந்து கிராம் கூடக் குறைய நிறுத்துப் பழகிய கைக்கு மயிரிழை தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து ஆசாரியார் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவர் செய்த கதவுகள் வீடு போன பிறகும் நின்றவை. நான் சீவி வைத்திருந்த பலகையை இரண்டு விரலால் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, சிராயோ?"

"மேற்பலகை அண்ணை."

அவருக்கு என்னில் இரக்கம் வந்துவிட்டது. "உள்ளுக்கு ரெண்டுக்கு ரெண்டிலை ரெண்டு சட்டம் குடுத்து, நாலு ஆணி அறையும். பேரப்பிள்ளையள் காலத்துக்கும் நிக்கும்."

அவருக்கு அந்தோனியோ தெ தொரெஸின் கதையைச் சொன்னேன். 1817 இல் ஸ்பெயினின் அல்மேரியாப் பக்கம் பிறந்தவர். தச்சுவேலை பழகி, பிறகு கிற்றாருக்கு வந்தவர். இன்றைய நைலோன் நரம்புக் கிற்றாரின் உடம்பும் அளவும் பெரும்பாலும் அவர் வகுத்ததுதான். மேற்பலகையின் அடியில் விசிறி மட்டைகள் விரிகிற மாதிரி மெல்லிய சட்டங்களை ஒட்டி, பலகையை இன்னும் மெல்லிசாக்கினார். சத்தம் மேற்பலகையில்தான் இருக்கிறது, முதுகிலும் விலாவிலும் இல்லை என்று காட்டுவதற்காக 1862 இல் முதுகையும் விலாவையும் கடதாசி மட்டையிலேயே செய்து ஒரு கிற்றார் கட்டினார். அது இப்போதும் பார்சிலோனா நூதனசாலையில் இருக்கிறது.

ஆசாரியார் யோசித்துவிட்டு, "அங்கை மரத் தட்டுப்பாடோ?" என்றார்.

தொரெஸ் கதையில் ஒரு பகுதியை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மகள் போனில் தேடி அதை உரத்து வாசித்தாள். 1870 வாக்கில் தொரெஸ் பட்டறையைப் பூட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி, மனைவியோடு பீங்கான் பாத்திரக் கடை போட்டாராம்.

"அந்த மனுசி கெட்டிக்காரி" என்றாள் என் மனுசி.

"சில வருசத்திலை திரும்பவும் கிற்றாருக்கு வந்திட்டார்" என்றேன். கேட்க ஆளில்லை. புதுச்சேரிக்குக் கிட்ட ஆரோவில்லில் எரிசா நியோகி என்றொருவர் கையாலேயே கிற்றார் செய்து பேர் எடுத்திருக்கிறார் என்றும் எடுத்துவிட்டேன். "அப்ப அவரிட்டையே ஒண்டை வாங்கியிருக்கலாமே" என்று பதில் வந்தது.

மரத்துக்கு வருவோம். மேற்பலகைக்கு உலகம் கேட்பது குளிர்நாட்டு ஊசியிலை மரம்: பாரம் குறைவு, விறைப்பு அதிகம். முத்தையன்கட்டுக் காட்டை முழுக்கச் சுற்றினாலும் அப்படியொன்று கிடைக்காது. ஆனால் லான்ட்மாஸ்ரர் உழவு மிசின் வந்திறங்கிய பலகைத் தட்டு ஒன்று ஒரு கடையின் பின்பக்கம் கிடந்தது. பைன் மரம், நேர் நார். குப்பைப் பலகையில் கிற்றாரா என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் பெரிய கிற்றார்க் கம்பனி நடத்திய பொப் ரெய்லர் 1995 இல் இதைத்தான் செய்தார். சாமான் ஏற்றுகிற ஓக் பலகைத் தட்டைக் கிழித்து முதுகும் விலாவும், பழைய சட்டமொன்றை அரிந்து மேற்பலகை. மரம் முக்கியமா, கை முக்கியமா என்ற வழக்கைத் தீர்க்கவே அப்படிச் செய்தார். அவர் வழக்கு அவருக்குச் சாதகமாய் முடிந்தது. என் வழக்கில் கையும் பிரதிவாதி.

விலாவுக்கும் முதுகுக்கும் பலா. உயிருள்ள பலாவில் கை வைக்க ஏலாது; 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, அனுமதி வேண்டும். மீள்குடியேறி வந்தபோது வளவில் எஞ்சிக் கிடந்த பழைய அலுமாரியின் பலகையை எடுத்தேன். வீணையும் மிருதங்கமும் பலாவில்தான் என்று நான் பெருமையாய் விளக்கிக்கொண்டிருந்தபோது, கோயிலுக்குத் தவில் வாசிக்கிறவர் ஒருவர் குறுக்கே வந்தார்: "பலா கையிலை இருக்கெண்டால் தவிலே செய்யலாமே, ஐயா. ஏன் வீணாக்கிறியள்?"

விரல் பலகைக்குத்தான் பெரிய சண்டை. உலகத்துக் கிற்றார்காரரும் வயலின்காரரும் கருங்காலி என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதிலும் கோடு புள்ளி இல்லாத முழுக் கறுப்புக்கு ஒரு காலத்தில் பேர்போனது 'சிலோன்' கருங்காலி, அதாவது எங்கள் காட்டு மரம். ஆபிரிக்கக் கருங்காலியில் பெரும்பாலான மரம் உள்ளே வரியோடிக் கிடக்கும். கறுப்பு வேண்டுமென்று மரத்தை வெட்டிப் பார்த்து, வரி கண்டால் காட்டிலேயே போட்டுவிட்டு வந்த வழக்கத்தை, 2011 இல் கமரூனில் மரஆலை வாங்கிய பிறகு அதே ரெய்லர்தான் நிறுத்தி, வரியோடிய மரத்திலும் கிற்றார் செய்யத் தொடங்கினார். எனக்கு வரியும் சரி, புள்ளியும் சரி. ஆனால் காட்டுக் கருங்காலியில் கை வைத்தால் மறியல்தான். சட்டப்படி என் எல்லைக்குள் இருந்த ஒரே கருங்காலி, மாமியின் உலக்கை.

அது சாதாரண உலக்கை இல்லை. மாமி அதை வளவுக்குள் புதைத்துவிட்டு இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்த அன்றே தோண்டி எடுத்தவர். ஒரு கறையான் வாய் வைக்கவில்லை. மத்தியானம் மாமி கண்ணயர்ந்த நேரம் பார்த்து நான் அளவு நாடாவோடு போனேன். விரல் பலகைக்குத் தலைப்பக்கம் 52 மில்லிமீற்றர் அகலம் வேண்டும், உடம்புப் பக்கம் 62. நாடாவை உலக்கையின் இடுப்பில் சுற்றும்போது பின்னால் குரல் கேட்டது.

"என்ன தம்பி, உலக்கைக்குச் சட்டை தைக்கப் போறியளோ?"

அன்றிலிருந்து உலக்கை மாமியின் கட்டிலுக்கடியில். விரல் பலகைக்கு ஆசாரியார் முதிரைத் துண்டொன்று தந்தார். கறுப்பாய் இருக்கவேண்டிய இடம் பளீரென்று மஞ்சளாய் இருக்கிறது. மங்களகரம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

விலா வளைக்கிற வேலை குசினியில் நடந்தது. இரண்டு மில்லிமீற்றருக்குச் சீவிய பலாப் பலகையை நனைத்து, சிரட்டைக் கரி நிரப்பிய இரும்புக் குழாயில் வைத்து அழுத்த வேண்டும். குழாயில் தெளித்த தண்ணீர் உருண்டு துள்ளினால் சூடு பதம். அவசரப்பட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், பலகை இரண்டு. பொறுத்து, ஈரத்துணியை மேலே போட்டு, உள்ளங்கையால் மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் பலகை பிடிவாதத்தை விட்டுவிட்டுக் கைக்குள் குழைந்து வரும். முப்பது வருசக் குடும்ப வாழ்க்கையில் நான் சொல்லி வளைந்தது அது ஒன்றுதான். ஆவியில் பழுத்த பலாவின் வாசம் வீடெல்லாம் பரவ, மாமி சுளை கேட்டு வந்து ஏமாந்து போனார்.

வளைத்த விலாவின் உள்விளிம்பில் மெல்லிய பட்டி ஒன்று ஒட்ட வேண்டும். மேற்பலகை உட்கார அதுதான் இடம். பசை காயும்வரை விரலுக்கு விரல் நெருக்கமாய்க் கவ்விப் பிடிக்க, உலகம் முழுக்கக் கிற்றார் செய்கிறவர்கள் பாவிப்பது உடுப்புக் கிளிப். வீட்டுக் கொடியில் இருந்த கிளிப் எல்லாம் கிற்றாருக்குப் போனது. அது சோளகக் காற்றுக் காலம். எங்கள் உடுப்புகள் அடுத்த வளவு வேலியில் ஏறின. என் சாரமொன்று அதற்கும் அடுத்த வளவுக்குப் போய், எருமையின் கொம்பில் மாட்டிக்கொண்டு தெருவால் திரும்பி வந்தது. கண்டவர்கள் அது ஆருடைய சாரம் என்று விசாரிக்கவே இல்லை.

விரல் பலகையில் கட்டைகள் பதிக்கும் கணக்கு மகள் பார்த்தாள். நரம்பின் நீளம் 650 மில்லிமீற்றர். அதை 17.817 ஆல் பிரித்தால் முதல் கட்டைக்கு 36.5. மிச்சத்தைத் திரும்ப 17.817 ஆல் பிரித்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது கட்டை சரியாக நடுவில் விழும். வானத்தைப் பார்த்த கலிலியோவின் தகப்பன் வின்சென்சோ கலிலேயி 1581 இல் வீணை மாதிரியான லூட்டுக்கு 18 என்று எழுதிவைத்தார், எங்களுக்கும் சுலபம், 18 என்றே வைப்போம் என்றேன். "அப்பா, நடுக்கட்டை ரெண்டு மில்லிமீற்றருக்கு மேலை பிழைக்கும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ" என்றாள். நின்றேன். கிற்றாரில் பிழையே இல்லாத பாகம் அதுதான்.

மெருகுக்கு அரக்கு. அரக்குச் சீவலை மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் கரைத்து, பழைய வேட்டித் துண்டுக்குள் பஞ்சு வைத்துப் பொட்டணி கட்டி, எட்டு எட்டாய் இழுத்துத் தேய்க்க வேண்டும். மாரியில் செய்யக் கூடாது. காற்றில் ஈரம் கூடினால் அரக்கு வெளிறிப் பால் படர்ந்துவிடும். மழை தொடங்குமுன் முடிக்கவேண்டும் என்பதால் ஒவ்வொரு பின்னேரமும் கொட்டிலுக்குள் தனியே இருந்தேன். வெளியே நின்று பார்க்கிறவருக்குத் தெரிவது இவ்வளவுதான்: பென்சன்காரர் ஒருவர், பக்கத்தில் ஊதா நிறப் போத்தல், கை ஆடுகிறது, தனக்குள் ஏதோ முணுமுணுக்கிறார். சங்கக் கடையில் முப்பது வருசமாய்ச் சேர்த்த நல்ல பேர் ஒரு கிழமையில் கரைந்தது. மனுசி ஒவ்வொரு வீடாய்ப் போய் விளக்கினாள். "குடிக்கேல்லை, பூசிறார்" என்று அவள் சொன்னது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

கடைசியில் நரம்பு. முன்பு ஆட்டுக் குடல் நரம்புதான். இரண்டாம் உலகப் போரில் அதற்குத் தட்டுப்பாடு வர, நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்ரின் டுபொன்ற் நைலோனை நரம்பாக்கினார். கிற்றார்க் கலைஞர் செகோவியா அதை மேடையேற்றினார். நைலோன் இழை என்றால் எங்கள் ஊர்த் தங்கூசிதானே? தடித்த மூன்று நரம்பையும் கொழும்பிலிருந்து எடுப்பித்து, மெல்லிய மூன்றுக்கும் முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன். "0.7 இலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை மூண்டு தடிப்பிலை தாங்கோ" என்றேன்.

"என்ன மீனுக்கு அண்ணை?"

"கிற்றாருக்கு."

கடைக்காரர் பின்னால் திரும்பிக் கேட்டார்: "டேய், கிற்றார் எண்டொரு மீன் இப்ப படுகுதோ?"

சுதி சேர்த்து மகள் முதலில் வாசித்தது நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாட்டு. மாமி தன்னைத்தான் சொல்கிறாள் என்று முகம் சுளித்தார். ஆனால் எழும்பிப் போகவில்லை. சத்தம் நன்றாகவே வந்தது. ஏழாவது கட்டையில் ஒரு சிணுங்கல் இருக்கிறது. அதைக் கேட்டால், வன்னி வெக்கைக்கு மரம் பழகுகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆசாரியார் வந்தார். பாலைப் பெட்டி தூக்குகிற பழக்கத்தில் காலை அகட்டி ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து மூச்சைக் கட்டித் தூக்கினார். கிற்றார் அவர் நெற்றி மட்டத்துக்கு எழும்பிப் போய் நின்றது.

"ஐயோ தம்பி, பாரமே இல்லையே!" என்றார், செத்த வீட்டுக் குரலில். தொரெஸுக்கு ஆராவது அப்படிச் சொல்லியிருந்தால் கடையைப் பூட்டியிருக்கவே மாட்டார். நான் தேத்தண்ணி போடச் சொன்னேன்.

மாமி கிற்றாரை வாங்கி மடியில் வைத்து, வட்ட ஓட்டைக்குள் ஒரு கண்ணை விட்டுப் பார்த்தார். உள்ளே என் பேரும் ஊரும் எழுதி ஒட்டிய துண்டு தெரிந்திருக்கும். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க வராது.

"வடிவாய்த்தான் இருக்கு. இதுக்குள்ளை என்ன பிள்ளை போட்டு வைக்கிறது?"

மனுசி கணக்குக் கொப்பியை மூடினாள். "இவற்றை பென்சன் காசம்மா. எல்லாம் போட்டாச்சு."