சாகாவரம் வாங்கிய கோழி

மார்க்கண்டேயனுக்குச் சாகாவரம் கொடுக்கச் சிவபெருமானே நேரில் வந்து எமனை எட்டி உதைக்க வேண்டியிருந்தது. 1912 ஜனவரியில் நியூயார்க்கில் அதே வரத்தை ஒரு கோழிக்குத் தனி ஆளாகக் கொடுத்தார் அலெக்சிஸ் கேரல் என்ற பிரெஞ்சு டாக்டர். கோழி என்றால் முழுக்கோழி இல்லை. முட்டையைவிட்டு வெளியே வராத குஞ்சின் இதயத்திலிருந்து கிள்ளிய ஒரு துணுக்கு. அதைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு ஊட்டி வளர்த்தால் செல்கள் இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, பெருகிக்கொண்டே இருக்கும். செல்லுக்கு மரணம் என்பதே கிடையாது, மரணம் எல்லாம் உடம்பு என்ற கூட்டுக்குடும்பத்தின் கோளாறு என்றார்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. அறுந்த ரத்தக் குழாயைத் தைத்து ஒட்டவைக்கலாம் என்று காட்டியவர். அதற்காக லியோன் நகரில் ஓர் எம்பிராய்டரிக்காரப் பெண்மணியிடம் ஊசிவேலை கற்றவர். அதே 1912-இல் நோபல் பரிசும் வந்து சேர்ந்தது. நோபல் வாங்கியவர் சாகாது என்று சொல்லிவிட்டால், சாவதற்கு எந்தக் கோழிக்குத் தைரியம் வரும்?

ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் அவருடைய கூடத்துக்குள் நுழைந்தவர்களுக்கு வேறொரு லோகத்தின் கிளை அலுவலகத்துக்கு வந்துவிட்டது போலத்தான் இருந்திருக்கும். எல்லோருக்கும் கறுப்பு அங்கி, தலையில் கறுப்பு முக்காடு. கண் கூசக்கூடாது, தூசி தெரிய வேண்டும் என்று அதற்கு ஒரு விஞ்ஞான விளக்கமும் உண்டு. செல்களுக்குச் சாப்பாடு ரத்தப் பிளாஸ்மாவும், வேறு கோழிக்கருக்களை அரைத்துப் பிழிந்த சாறும். ஒரு குஞ்சின் நித்திய வாழ்வுக்காகப் பல குஞ்சுகள் சாறாயின. சிறுத்தொண்டர் வீட்டில்கூட ஒரு நாள்தான் பிள்ளைக்கறி சமைத்தார்கள்.

பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஜனவரி வந்தால் கோழி இதயத்தின் பிறந்தநாள் செய்தி. அது இதயமாகத் துடித்ததெல்லாம் ஆரம்பத்தில் சில மாதங்கள்தான். பிறகு வளர்ந்தது வெறும் இணைப்புத் திசு. ஆனால் ‘இணைப்புத் திசுவுக்கு இருபது வயது’ என்று தலைப்புப் போட்டால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? 1937-இல் அமெரிக்க வானொலியில் ஒரு திகில் நாடகமே வந்துவிட்டது. கோழி இதயம் வளர்ந்து வளர்ந்து உலகத்தையே மூடுகிறது. கணக்குப்படி பார்த்தால் நாடகக்காரர் அடக்கித்தான் வாசித்திருக்கிறார். இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால் ஒரே செல் 60 நாளில் 107 கோடியைத் தாண்டிவிடும். அள்ளிக் கொட்டாமல் விட்டால் ஒரு வருடத்துக்குள் சூரியன் கோழிக்குப் பக்கத்தில் பொட்டுக்கடலை.

மற்ற ஊர் ஆய்வாளர்கள் வளர்த்த சாதாரணச் செல்கள் மட்டும் கொஞ்ச காலத்தில் நின்றுபோயின. அவர்களும் கேரலைச் சந்தேகிக்கவில்லை, தங்கள் கையைத்தான் சந்தேகித்தார்கள். சுத்தம் போதவில்லை, சாப்பாடு சரியில்லை. பக்தர்களுக்கு வேறென்ன தோன்றும்?

கேரலோ செல்களை விட்டு மனிதர்களுக்குத் தாவிவிட்டார். எந்த மனிதர்கள் பெருகலாம், எவர்கள் பெருகக்கூடாது, யாரை விஷவாயுவால் ஒழிக்கலாம் என்றெல்லாம் 1935-இல் புத்தகம் எழுதினார், அது அமோகமாக விற்றது. பிறகு பிரான்ஸின் போர்க்கால விஷி அரசின் ஆதரவில் பாரிஸில் ஒரு நிறுவனம் நடத்தி, 1944-இல் காலமானார். வரம் கொடுத்தவர் போய்ச் சேர்ந்தும் கோழி இருந்தது. 1946-இல் அதையும் எடுத்துக் கொட்டினார்கள். சாகவில்லை, பராமரிக்க அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு பிலடெல்பியாவில் லெனார்ட் ஹேஃப்ளிக் என்ற இளைஞர் மனிதக் கருவின் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார். சுமார் 50 முறை இரட்டித்ததும் அவை நின்றன. சாப்பாடு கொடுத்தாலும் நின்றன, தாலாட்டினாலும் நின்றன. வழக்கப்படி கையைக் கழுவிக்கொண்டு புதிதாக ஆரம்பிக்காமல் அவர் ஒரு குறும்பு செய்தார். 40 முறை இரட்டித்த ஆண் கிழட்டுச் செல்களையும் 10 முறையே இரட்டித்த பெண் இளஞ்செல்களையும் ஒரே குடுவையில் குடிவைத்தார். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. குரோமோசோம் நிபுணர் பால் மூர்ஹெட் பிறகு எட்டிப் பார்த்தபோது பெண்கள் மட்டும் ஜோராக இருந்தார்கள். ஆண்களைக் காணோம். கிருமியோ சாப்பாடோ காரணமென்றால் இரண்டு கூட்டமும் அல்லவா போயிருக்க வேண்டும்? எத்தனை முறை பிரிந்தோம் என்ற கணக்கு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. உறைய வைத்து எடுத்தாலும், விட்ட எண்ணிலிருந்தே தொடர்ந்தது.

கட்டுரை போன இடம் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் இதழ். செல்லுக்குச் சாவில்லை என்பது தெரிந்த விஷயமாயிற்றே என்று திருப்பி அனுப்பினார் ஆசிரியர் பெய்டன் ரௌஸ். அவருக்கும் புகழ் கொடுத்தது ஒரு கோழிதான். கோழிக்கட்டியைத் தொற்றவைக்கும் வைரஸை 1911-இல் கண்டுபிடித்து, நோபலுக்கு 1966 வரை காத்திருந்த மனிதர். கோழிக்கு எதிராக எப்படித் தீர்ப்பெழுதுவார்? கட்டுரை 1961-இல் வேறு இதழில் வந்தது.

செல்லுக்குள் இருக்கும் அந்தக் கணக்குப்பிள்ளை யார் என்று யூகித்தவர் மாஸ்கோவின் அலெக்சி ஒலோவ்னிகோவ். மெட்ரோ நிலையத்தில் ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பொறி தட்டியதாம். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் எந்திரம் தண்டவாளத்தின் கடைசித் துண்டில் தானே நிற்பதால் அதை மட்டும் நகலெடுக்க முடியாமல் விடுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் நுனி தேய்கிறது. பிறகு குளத்து நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரி ஒன்றில் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் அந்த நுனியைத் திரும்பக் கட்டும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். ஜாக் சோஸ்டாக்கும் சேர்ந்து 2009-இல் நோபல். புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலானவை இந்த நொதியை விழிக்கவைத்துக்கொண்டுதான் ஓயாமல் பெருகுகின்றன. சாகாவரம் உண்மையில் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

அப்படியானால் கேரலின் கோழி? ஹேஃப்ளிக்கின் சந்தேகம் சாப்பாட்டின் மீது. அந்தக் கருச்சாற்றை ஒழுங்காக வடிகட்டாவிட்டால் அதிலேயே உயிருள்ள செல்கள் இருக்கும். பழைய மாவு தீரத்தீரப் புது மாவைக் கலந்துவிட்டு, அதே இட்லி மாவு 34 வருடமாகப் புளிக்காமல் இருக்கிறதென்று ஊரைக் கூட்டியது போல. தெரிந்தேதான் புதுச் செல்களைப் போட்டார்கள், இல்லாவிட்டால் டாக்டர் வருத்தப்படுவாராம் என்று கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் சொன்னதாகவும் பின்னாளில் ஒரு கதை உலவியது. எது நிஜமானாலும், பிறந்தநாள் கொண்டாடப்பட்டது ஒரு கோழிக்கு, வயதைப் பங்கிட்டுக் கொடுத்தவை பல கோழிகள்.