பயிற்சியாளரா, பாரமா?

கேள்வி: குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவர் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டுமா, குதிரையின் பழைய ஓட்டங்களையா? – வாசகர், உத்திரமேரூர்

பதில்: குடவோலைத் தேர்தல் நடத்திய ஊர்க்காரர் கேட்கிறார்! பராந்தகச் சோழன் காலத்திலேயே வேட்பாளரின் நிலம், வயது, படிப்பு எல்லாம் சலித்த பிறகுதான் அங்கே குடத்துக்குள் கை போனது. பந்தயத்திலும் சலித்த பிறகுதான் பர்ஸுக்குள் கை போக வேண்டும்.

பழைய ஓட்டம் அவசியம்தான். ஆனால் ஜெயிக்கிற குதிரையின் ரேட்டிங் ஏறும். அடுத்த ஹேண்டிகேப் பந்தயத்தில் முதுகில் கூடுதல் எடையும் ஏறும். அந்தப் பாரத்தை எந்தத் தூரத்தில், எந்த ஜாக்கியை வைத்துச் சமாளிப்பது என்று கணக்குப் போடுகிறவர் பயிற்சியாளர். அதற்காக அவர் பெயரை மட்டும் நம்பிக் கட்டினால்? பேர்போன லாயத்தின் மேல் ஊரே கட்டியிருக்கும். ஜெயித்தாலும், கட்டிய பணத்தை ஜெயித்தவர்களுக்குப் பங்கு போடும் டோட்டில் கிடைப்பது டீ, வடைக்குச் சரி.

1996இல் உச்ச நீதிமன்றம், கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்றது. குதிரையின் பயிற்சியும் ஜாக்கியின் சாமர்த்தியமும் அதற்குச் சொன்ன காரணங்கள். கட்டுகிறவரின் பர்ஸ் அந்த வழக்கில் சாட்சி சொல்லவில்லை.