சொறிமுட்டைக்குச் சான்றிதழ் கொடுத்த கதை

கடலில் கொழகொழவென்று மிதப்பதையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பிடித்து ஆட்டியது. சுவீடனின் லின்னேயஸ் 1758-ல் சொறிமுட்டைகளுக்கு 'மெடூசா' என்று ஒட்டுமொத்தமாக ஒரு பெயர் வைத்து, மண்புழுவும் நத்தையும் ஏற்கெனவே நெருக்கியடித்துக் கிடந்த 'புழுக்கள்' வகுப்பில் தள்ளிவிட்டார். முதுகெலும்பு கிடையாது, பூச்சியும் இல்லை, அப்படியானால் புழுதான். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரும் நம்பியது.

பிறகு நார்வேயின் மிக்கேல் சார்ஸ் வந்தார். பின்னாளில் பாதிரியார் வேலை பார்த்துக்கொண்டே கடலையும் துழாவியவர். 1829-ல் அவர் கண்ணில் இரண்டு விநோதங்கள் பட்டன. ஒன்று, அடியில் ஒட்டிக்கொண்டு கைகளை ஆட்டும் குட்டிப் பிராணி. இன்னொன்று, தட்டுகளை அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் பிராணி. முதலாவதற்கு ஸ்கைஃபிஸ்டோமா, அடுத்ததற்கு ஸ்ட்ரோபிலா என்று இரண்டு புதுப் பேரினங்களை அறிவித்தார். சில வருடம் பொறுமையாகப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளுத்தது. முதலாவது வளர்ந்து இரண்டாவதாகிறது. அதன் தட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று சொறிமுட்டையாக நீந்திப் போகின்றன. ஒரே ஆளின் பிள்ளைப் பருவத்தையும் வாலிபப் பருவத்தையும் அவர் தனித்தனிக் குடும்பமாகப் பதிந்திருந்தார். தானே அதைக் கண்டுபிடித்துத் தானே எழுதியும் வைத்தார் என்பதால் மனிதருக்கு ஒரு கும்பிடு.

சார்ஸ் திருந்தினார், உலகம் திருந்தவில்லை. ஹைட்ரோசோவா என்னும் பொடிசுகளின் கூட்டத்தில் குழப்பம் இதைவிட மோசம். பாறையில் பாசிபோல் ஒட்டிப் படரும் பருவமான பாலிப்பைச் சுரண்டி எடுத்தவர் ஒருவர், அது மொட்டுவிட்டு அனுப்பிய மெடூசாவை வலையில் பிடித்தவர் வேறொருவர். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். இன்று க்ளைடியா ஹெமிஸ்ஃபெரிகா என்று ஆய்வகங்களில் வளர்க்கப்படும் பிராணியின் மெடூசா ஃபியாலிடியம் என்ற பெயரில் ஒரு புத்தகத்திலும், பாலிப் க்ளைடியா ஜான்ஸ்டனி என்று இன்னொரு புத்தகத்திலும் இருந்தது. ஒரே ஆள் இரண்டு ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு இரண்டு கடையிலும் சர்க்கரை வாங்கிய கணக்குதான்.

இனி நம் கதாநாயகி டுரிடாப்சிஸ். உடம்பு ஐந்து மில்லிமீட்டர்கூடத் தேறாது. கண்ணாடிக் குடைக்குள் சிவப்பாக வயிறு தெரியும், விளிம்பில் இழைபோல் கைகள் தொங்கும். 1850-களில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இதைப் பிடித்தவர் ஜான் மெக்ரேடி. குடையைப் பார்த்தார், உள்ளே சின்னஞ்சிறு குஞ்சுகள்! ஒவ்வொன்றும் நீண்ட மூக்கைப் பெரியதன் வாய்க்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஆகா, தாய் பிள்ளைக்கு ஊட்டுகிறாள் என்று மனம் உருகி, 'வளர்க்கும் தாதி' என்று பொருள்பட நியூட்ரிகுலா எனப் பெயரிட்டார். குஞ்சுகள் அதன் பிள்ளைகளே அல்ல. குனைனா என்ற வேறு இனத்தின் ஒட்டுண்ணிகள் அவை. அழைப்பில்லாமல் வந்து, உரிமையாக உட்கார்ந்து, தின்றுகொண்டிருந்தன. சீக்கிரமே மெக்ரேடிக்கு உண்மை தெரிந்தது. ஆனால் வைத்த பெயர் வைத்ததுதான். பெயரிடும் விதிகளில் வெட்கத்துக்கு இடமில்லை. பிறகு உள்நாட்டுப் போர் வர, அவர் தெற்குப் படையில் பொறியாளராகிக் கோட்டை கட்டப் போனார்.

அதே குனைனா அடுத்துக் கவிழ்த்தது ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கலை. 1864-ல் மனைவி அன்னாவைப் பறிகொடுத்தவர், அந்த வருடமே ஒரு மெடூசாவுக்கு மைட்ரோகோமா அன்னே என்று அவர் பெயரையே வைத்தார். இதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவர் எழுதியதில் இருக்கிறது. வேறொரு மெடூசாவின் வயிற்றுக்குள் குனைனா மொட்டுகள் முளைத்திருப்பதைக் கண்டார். ஓர் இனம் முற்றிலும் வேறான இனத்தைப் பெற்றெடுக்கிறது என்று பிரகடனம் செய்துவிட்டார். வயிற்றில் இருப்பதெல்லாம் பிள்ளையாகிவிடுமா? பின்னால் வந்தவர்கள், ஐயா அது ஒட்டுண்ணி என்று எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

1990-களில் இத்தாலியில் டுரிடாப்சிஸுக்கு ராஜயோகம் அடித்தது. அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ மெடூசா செத்துப் போகாமல் சுருங்கித் தரையில் ஒட்டி, மறுபடி பாலிப் ஆகிவிடுகிறது. கிழவி குழந்தையாகி விளையாடப் போகிறாள். உலகப் பத்திரிகைகள் சிரஞ்சீவிப் பட்டம் கட்டின. பட்டத்தில் எழுதிய பெயர் நியூட்ரிகுலா.

அங்கேதான் மரபணுக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் '16எஸ்' என்ற மரபணுவின் துண்டு, சுமார் 600 எழுத்து. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே பி.சி.ஆர். நுட்பம்தான். குடையைப் பார்க்க வேண்டாம், கையை எண்ண வேண்டாம், எழுத்தை ஒப்பிட்டால் போதும். ஒப்பிட்டதில், நியூட்ரிகுலா என்று உலகமெல்லாம் ஒரே பெயரில் திரிந்தவை பல இனங்கள் என்று தெரிந்தது. மத்தியதரைக் கடலின் சிரஞ்சீவி உண்மையில் டுரிடாப்சிஸ் டோர்னி. 1883-லேயே வைஸ்மான் பெயரிட்டது. அதுவும் பாலிப்பைப் பார்த்து, டெண்ட்ரோக்ளாவா என்ற வேறு பேரினத்தில்!

2009-ல் வந்த ஆய்வு இதற்கு நேர்மாறாக அடித்தது. பனாமாவில் 8 கை, மத்தியதரைக் கடலிலும் ஜப்பானிலும் 14 முதல் 24 கை. கையை எண்ணுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இனம் என்பார். மரபணுவோ ஒரே டோர்னி என்றது. சரக்குக் கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி இறக்கும் தண்ணீரில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்து உலகத் துறைமுகங்களில் குடியேறியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அருங்காட்சியகங்களில் பிராணிகளைப் போட்டு வைத்திருக்கும் பழைய புட்டிகளைக் கேட்டால் தெரியாதா என்பீர்கள். அங்கேயும் ஒரு கூத்து. ஃபார்மலின் உருவத்தைக் காப்பாற்றும், மரபணுவைப் பாழாக்கிவிடும். ஆல்கஹால் மரபணுவைக் காப்பாற்றும், உருவத்தைச் சுருட்டி அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும். ஆகவே பெயர் பிறந்த துறைமுகத்துக்கே போய்ப் புதிதாக வலை போட்டு, உயிரோடு படம் எடுத்து, ஒரு துண்டை ஆல்கஹாலிலும் மீதியை ஃபார்மலினிலும் போட வேண்டும். ஐந்து மில்லிமீட்டரில் துண்டு போக மீதி எவ்வளவு என்பது வலை போட்டவர் பாடு.