சமூக மன்றத் தொண்டின் பலன்கள்

சிங்கப்பூரின் சமூக மன்றங்களை 1960இல் அமைக்கப்பட்ட மக்கள் கழகம் நடத்துகிறது. கட்டடம் கழகத்துடையது, நாற்காலி அடுக்கும் பொறுப்பு தொண்டூழியர்களுடையது. இதற்குச் சம்பளம் இல்லை, பலன்கள் உண்டு.

முதலில் கைக்கு வருவது டி-சட்டை. பெரும்பாலும் மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சிய அளவில். அடுத்தது பொட்டல பிரியாணி. விழா முடிந்து, நன்றியுரை முடிந்து, படம் எடுத்து முடிந்தபின் ஆறிய நிலையில் கிடைக்கும். இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் சேர்பவருக்குப் பொங்கல் விழா கூடுதல் பயிற்சி தரும். சிறப்பு விருந்தினர் வரும்வரை பொங்காமல் இருக்கப் பாலைப் பழக்குவது எளிதான கலை அன்று.

கனமான பலன் பள்ளிச் சேர்க்கை. முனைப்பான சமூகத் தலைவர் என்று சான்று பெற்றவரின் பிள்ளைக்குத் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்புப் பதிவின் 2பி கட்டத்தில் முன்னுரிமை உண்டு. அதற்குச் சில ஆண்டுச் சேவை தேவை. நான்கு வயதுப் பிள்ளையுள்ள பெற்றோரிடம் சமூக உணர்வு திடீரென ஊற்றெடுப்பதும், பள்ளியில் இடம் கிடைத்த வாரமே அலுவலக வேலை கூடிவிடுவதும் தற்செயல் என்றே கொள்ளவேண்டும்.

நீண்டகாலம் நிலைப்பவருக்குத் தேசிய தின விருதுகளில் பொதுச் சேவைப் பதக்கம் கிடைக்கலாம். பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துகள் சேரும். திருமண அழைப்பிதழில் அவை பெயரைவிடத் தடித்திருக்கும்.

இவை எதையும் எதிர்பாராமல் சனிக்கிழமைதோறும் வந்து நிற்பவர்களும் உண்டு. அவர்களைப் பொருளாளர் ஆக்கிவிடுவது வழக்கம்.