‘காம்போதியா, ஸார்?’: கச்சேரி முணுமுணுப்பு பற்றிய முதற்கட்ட ஆய்வு

கர்நாடக இசை குறித்து நம்மவர்கள் எழுதாமல் விட்டது குறைவு. 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி தஞ்சாவூரில் உட்கார்ந்து 72 மேளங்களுக்குக் கணக்குப் போட்டுச் ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை அன்று புழக்கத்திலேயே இல்லை. யாரும் பாடாத மேளத்துக்கும் இடம் ஒதுக்கிவைத்த இந்த மரபு, ஒவ்வொரு கச்சேரியிலும் தவறாமல் நிகழும் ஒன்றை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. பாடகர் சுருதியோடு சேர்ந்து இரண்டு பிடி பிடித்ததும் பக்கத்து இருக்கை லேசாகச் சாய்கிறது. “காம்போதி” என்று ஒரு குரல் காதில் விழுகிறது. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லப்படுகிறது. ஏன் சொல்லப்படுகிறது என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் எல்லை. கச்சேரியில் எழும் ஒலிகள் பல. அவற்றுள் இருமல், கைப்பையின் ஜிப், கேன்டீனில் இன்று என்ன விசேஷம் என்னும் விசாரணை, “இவளோட குருவும் இப்படித்தான்” என்று தொடங்கும் விமரிசனம் ஆகியவை இங்கே அடங்கா. ஆலாபனை நடக்கும்போது, ராகத்தின் பெயரை அயலிருக்கையாருக்கு, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அறிவித்தலே முணுமுணுப்பு என்க. அது மேடைக்கு எட்டக் கூடாது. அடுத்த இருக்கைக்கு எட்டியே தீரவேண்டும். அதற்கும் அடுத்த இருக்கைக்கு எட்டிவிட்டால் சொன்னவருக்கு அதில் வருத்தமில்லை.

எப்போது சொல்வது என்பது இன்னும் நுட்பமானது. மிக முந்திச் சொன்னால் தவறிப்போகும். கிருதி தொடங்கியபின் சொன்னால் பயனில்லை. ‘நிதி சால சுகமா’ என்று எடுத்துவிட்ட பிறகு கல்யாணி என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியதில்லை. தோடிக்கும் மதிப்புக் குறைவுதான். டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதை நாகஸ்வரத்தில் ஊர் ஊராக வாசித்து, சங்கீதம் தெரியாதவர்கள் காதிலும் போட்டுவிட்டுப் போய்விட்டார். எனவே தோடிக்குத் தலையை அசைத்தால் போதும். மேளகர்த்தா வரிசையில் 72-ஆவதாக, கடைசியில் நிற்கும் மேளத்தின் பெயர் ரசிகப்ரியா. ரசிகர் எவரும் அதை முணுமுணுத்து இக்கட்டுரையாளர் கேட்டதில்லை.

ஒன்றை அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குவர் சைவ சித்தாந்திகள். இறைவனை அறிய ஏற்பட்ட இந்த அளவைகள் மூன்றாம் வரிசை ரசிகருக்கும் அப்படியே பொருந்துகின்றன. காண்டலாவது, ஸ்வரங்களைக் காதால் நேரே பிரித்தெடுத்து, இது சுத்த மத்தியமம், இது கைசிகி நிஷாதம் என்று கண்டு ராகத்தை அடைதல். இது கைவந்தவர்கள் முறையாகப் பாட்டு கற்றவர்கள். அவர்கள் முணுமுணுப்பதில்லை, நாமே கேட்டாலும் “பாடட்டும், பார்ப்போம்” என்பார்கள். ஆய்வுக்கு உதவாதவர்கள் என்பதால் விடப்பட்டனர்.

கருதல்தான் பெருவழக்கு. ஆலாபனையைக் கேட்டு, தெரிந்த பாட்டு ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்து, அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு ராகத்துக்குப் போய்ச் சேர்தல். இதை அருகிலிருந்து பார்க்கலாம். ரசிகர் கண்ணை மூடுகிறார். உதடு அசைகிறது. மேடையில் ஒருவர் ஆலாபனை செய்ய, இவர் தமக்குத் தெரிந்த கிருதிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்க்கிறார். ஒட்டவில்லை. அடுத்தது. அதுவும் ஒட்டவில்லை. இடையில் பாடகர் தார ஸ்தாயியில் அருமையான ஒன்றைப் பிடிக்கிறார்; அரங்கே “ஆகா” என்கிறது; இவருக்கு அது இடைஞ்சலாகத்தான் இருக்கிறது. கடைசியில் ஒன்று ஒட்டுகிறது. முகம் மலர்கிறது. அதன் பிறகே சாய்தல்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே ஒட்டிய பாட்டு பல சமயம் சினிமாப் பாட்டு. ‘கவிக்குயில்’ (1977) படத்தில் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது ரீதிகௌளை. அந்த ராகத்துக்குள் நுழைந்தவர்களில் பலர் அந்த வாசல் வழியாக நுழைந்தவர்கள். ஆனால் சபாவில் எவரும் அந்தப் படத்தைச் சாட்சிக்கு அழைப்பதில்லை. “எப்படி ஸார் கண்டுபிடிச்சேள்?” என்றால், “அதான், பாபநாசம் சிவனோட ‘தத்வமறிய தரமா’ இருக்கே” என்று பதில் வரும். படித்தது ஒன்று, மேற்கோள் காட்டுவது மற்றொன்று என்பது பல்கலைக்கழகங்களிலும் உள்ள வழக்கமாகையால் இதைக் குற்றமாகக் கொள்ளவில்லை.

கருதல் கைவிட்டால் கைப்புத்தகம். பாட்டின் முதற்சொல்லைப் பார்த்து ராகம், தாளம், இயற்றியவர் மூன்றையும் தெரிந்துகொள்ளும்படி அகரவரிசையில் அச்சிட்ட சிறு புத்தகங்களைப் பையில் வைத்திருப்போர் உண்டு. ஆலாபனைக்கு முதற்சொல் கிடையாது. ஆகவே ராகம் தெரியாமல் தவிக்கும் அந்தப் பத்து நிமிடமும் புத்தகம் மடியில் சும்மா கிடக்கும்.

உரை என்னும் அளவைக்கு வருவோம். முன்னவர் எவரும் இந்த இடத்தைத் தோண்டவில்லை. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் ஒலிபரப்பத் தொடங்கியது. மார்கழி மாதத்தில் சென்னைக்கு ரயிலேற எல்லோருக்கும் வாய்க்காது. மதுரையில் வங்கி வேலை, சேலத்தில் பள்ளிக்கூட வேலை, வீட்டில் யாருக்கும் சங்கீதத்தில் நாட்டமில்லை. இப்படி வாழ்ந்தவர்கள் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து ஆயுள் முழுக்கக் கேட்டார்கள். அவர்களுக்குப் பாட்டு தனியாக வரவில்லை. முன்னால் அறிவிப்பாளர் வருவார். இன்ன கீர்த்தனை, ராகம் இன்னது, தாளம் இன்னது, இயற்றியவர் இன்னார் என்பார். அவர் சொல்லி முடித்த பிறகே தம்புரா. பின்னாளில் வந்த கேசட்டின் உறையிலும் அதே விவரங்கள் அச்சில் இருந்தன. ஆக, நாற்பது ஐம்பது வருஷம் கேட்டவர்கள், ராகத்தைக் கண்டுபிடிக்கவேண்டிய அவசியமே வராமல் கேட்டவர்கள். பெயர் முதலில் வரும். ராகம் அதன் பின்னால் வரும்.

இப்படி ஊறிய ஒருவர் ஓய்வு பெற்றபின் ஒருநாள் சபாவில் வந்து உட்காருகிறார். திரை விலகுகிறது. பாடகர் ஒன்றும் சொல்லாமல் இழுக்கத் தொடங்குகிறார். ஏதோ குறைகிறது. சுருதி இருக்கிறது, வயலின் இருக்கிறது, மைக்கும் வேலை செய்கிறது. குறைவது அறிவிப்பாளர். அந்த வேலையை யாராவது பார்த்தாக வேண்டும், யாரும் முன்வரவில்லை, இவரே பார்க்கிறார். இதுவே நமது கருதுகோள். முணுமுணுப்பவர் ஞானத்தைக் காட்டிக்கொள்பவர் அல்லர். காலியாகக் கிடக்கும் வானொலிப் பதவி ஒன்றைச் சம்பளமில்லாமல் வகிப்பவர்.

செருக்கே காரணம் என்பாரும் உளர். அற்றன்று. என்னை? செருக்காயின், தவறு வெளிப்பட்டதும் நாணம் தோன்ற வேண்டும். தோன்றுவதில்லை. “பைரவி” என்றவர், பாட்டு மாஞ்சி என்று தெளிவானதும், அதே குரலில், அதே கனிவோடு, “மாஞ்சி” என்கிறார். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்பதற்கு மேல் வானொலியும் எதுவும் சொன்னதில்லை. அன்றியும், கிருதி தொடங்கியதும் அவர் மேலும் இரண்டு சொல்கிறார்: தாளம், இயற்றியவர். வரிசையைக் கவனிக்க.

தனி ஆவர்த்தனத்தின்போது கூட்டம் எழுந்து கேன்டீனுக்குப் போவதை மிருதங்கத்துக்குச் செய்யும் அவமரியாதை என்று பெரியவர்கள் நெடுங்காலமாகக் கண்டித்து வருகிறார்கள். நம் கருதுகோளின்படி அதில் கண்டிக்க ஒன்றுமில்லை. தனியில் ராகம் கிடையாது, அறிவிப்பாளருக்கு வேலை கிடையாது, எனவே காபி.

நெருங்கிய ராகங்கள் வரும்போதுதான் பதவியின் கஷ்டம் தெரியும். ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே. ஆரபி காந்தாரத்திலும் நிஷாதத்திலும் தங்காமல் விரையும். தேவகாந்தாரி சாவகாசமாக அசைந்து அசைந்து போகும். தர்பாரும் நாயகியும் அதைவிடச் சிக்கல். இரண்டும் 22-ஆம் மேளமான கரஹரப்ரியாவின் பிள்ளைகள், முகஜாடையும் ஒன்று. 1928-இல் தோன்றிய மியூசிக் அகாடமியில் வித்வான்கள் காலை வேளைகளில் கூடி ராக லட்சணங்களை விவாதித்துத் தீர்மானங்கள் செய்தார்கள். அந்தத் தீர்மானங்கள் மாலையில் ஆறாம் வரிசையை எட்டியதாகத் தெரியவில்லை. இரு பதவியாளர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் நிலை இது:

“தர்பார்.”

“இல்லை மாமா, நாயகி.”

“அந்தக் காந்தாரத்தைக் கேளும்!”

“அதைக் கேட்டுத்தானே சொல்றேன்!”

மேடையில் இருப்பவர் என்ன நினைத்துப் பாடுகிறார் என்பது இந்தக் கட்டத்தில் யாருக்கும் பொருட்டில்லை. கிரகபேதம் இன்னொரு கொடுமை. மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்தால் மத்தியமாவதி. காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். பதவியாளர் “ஹிந்தோ” என்பதற்குள் பாடகர் மோகனத்துக்குத் திரும்பியிருப்பார். ராகமாலிகை விருத்தத்தை விரிப்பின் பெருகும், விடுக்க.

கருதுகோளைச் சோதிக்கச் சபாவுக்கு வெளியிலும் ஓர் இடம் கிடைத்தது. நமது தகவலாளி, மேலே சொன்ன வானொலி வகையினர், சபாவுக்கும் போகாதவர். அவருடைய மகள் அவரை இணையத்தில் சேர்ந்து கேட்கும் ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். இரவு ஒன்பது மணிக்குச் சிங்கப்பூர், துபாய், கோயம்புத்தூர் என்று பல ஊர்க்காரர்கள் கூடுவார்கள். ஒருவர் பழைய பதிவு ஒன்றைப் போடுவார். மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். ராகம் என்ன என்று போடுபவர் சொல்ல மாட்டார். அது அந்தக் குழுவின் விதி. ஆயுள் முழுக்கத் தனியாகக் கேட்டவருக்கு முதல் முறையாக அக்கம்பக்கத்தார் கிடைத்தார்கள். ஆனால் சாய்வதற்கு இருக்கை இல்லை. முணுமுணுப்பைத் தட்டச்சு செய்யவேண்டி வந்தது. ‘ச’ எங்கே இருக்கிறது என்று அவர் தேடுவதற்குள் பாடகர் நிரவல் வரை போய்விட்டார்.

இணையத்தில் ஒலி எல்லோருக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேர்வதில்லை. ஒரு நாள் எல்லோரும் மைக்கைத் திறந்து சேர்ந்து ஆதி தாளம் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒருவர் லகுவின் முதல் தட்டில் இருக்க, ஒருவர் மோதிர விரலில் இருக்க, துபாய்க்காரர் வீச்சில் இருந்தார். யோசனை கைவிடப்பட்டது. ஆனால் அதே கோளாறு நம் கருதுகோளுக்குப் பெரிய சான்றைத் தந்தது. மறுநாள் தகவலாளியின் கைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்பதற்கு முன்பே சிங்கப்பூரிலிருந்து எழுத்து வந்துவிட்டது: “ஸஹானா.” சற்றுப் பொறுத்துத் தம்புரா கேட்டது. பிறகு பாடகர் ஸஹானாவைத் தொடங்கினார். தகவலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்று முழுவதும் அவர் ஒன்றும் எழுதவில்லை. அவரிடம் காரணம் கேட்டபோது, “அவர்தான் சொல்லிட்டாரே” என்றார்.

கருதுகோள் நிறுவப்பட்டதாகவே கொள்ளலாம். தீராமல் நிற்பது ஒரே ஒரு வழக்கு. குழுவில் ஒருவர் தம் தகப்பனார் எண்பதுகளில் வானொலியிலிருந்து வீட்டில் பதிந்த கேசட்டைப் போட்டார். ஆலாபனை. பாதிப் பேர் தர்பார் என்றார்கள், பாதிப் பேர் நாயகி என்றார்கள். மைக்குகள் திறந்தன. வேறு வழியில்லாமல் கேசட்டை முதலிலிருந்து போடச் சொன்னார்கள். அறிவிப்பாளரின் குரல் தெளிவாக வந்தது: “அடுத்து, தியாகராஜர் இயற்றிய கீர்த்தனை. ராகம்...” அங்கே ஒரு ‘டக்’. பேச்சுக்கு எதற்கு நாடாவை வீணாக்குவது என்று பெரியவர் நிறுத்தியிருக்கிறார். மறுபடி பொத்தானை அழுத்தும்போது ஆலாபனை பாதி தாண்டிவிட்டது. சரி, கிருதி வந்தால் தெரிந்துவிடும் என்று காத்திருந்தார்கள். கிருதி வருவதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டது. மறுபக்கத்தில் வீட்டுப் பிள்ளைகள் தகப்பனாருக்குத் தெரியாமல் ‘கவிக்குயில்’ பாட்டைப் பதிந்து வைத்திருந்தார்கள். அது ரீதிகௌளை என்பதில் குழுவில் கருத்து வேறுபாடு இல்லை.