சதுரம் போக மிச்சம்: மைசூர்க் கொலு வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

நட்சத்திரம், தாமரை, கொக்கு, பெட்டி என்று காகிதத்தில் எதை மடித்து வெட்டினாலும் முதலில் சதுரம் வேண்டும். கடையில் கிடைப்பதோ ஏ4. நீளம் 297 மில்லிமீட்டர், அகலம் 210. நவராத்திரி நெருங்கினால் மைசூரில் பட்டத கொம்பெ எனும் ராஜா ராணி பொம்மைகளுக்குப் பின்னால் தோரணம் கட்ட, கலர் ஷீட்டுகள் சதுரமாக்கப்படும். அப்போது ஒவ்வொரு தாளிலிருந்தும் 87 மில்லிமீட்டர் அகலத் துண்டு ஒன்று கழிகிறது. தாளில் இது 29 விழுக்காடு. சதுரத்தைப் பற்றி அறிஞர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். துண்டைச் சீண்டுவார் இல்லை.

2. முன்னோர் பணி

டி. சுந்தரராவ் எழுதிய காகித மடிப்பு வடிவியல் நூல் 1893இல் சென்னை அடிசன் கம்பெனி வெளியீடாக வந்தது. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைச் சுட்டிக்காட்ட, 1901இல் சிகாகோவிலும் பதிப்பானது. ஐங்கோணம், அறுகோணம் என்று தொடங்கிப் பதினைந்து பக்க உருவம் வரை மடித்தே காட்டிய மனிதர் அவர். முதல் அத்தியாயம் சதுரம்தான். கோணல்மாணலான தாளை மடித்து, வேண்டாததைக் கத்தியால் அறுக்கச் சொல்கிறார். அறுத்த துண்டு என்ன ஆயிற்று? நூல் முழுக்கத் தேடினாலும் பதில் இல்லை.

3. துண்டு பிறக்கும் முறை

மூலையைத் தூக்கி எதிர்விளிம்போடு சேர்த்தால் முக்கோணம் வரும். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது துண்டு. இதைப் பிரிப்பதில் இரு மரபுகள் உண்டு. கத்தரி மரபினர் கத்தரிக்கோலைத் தேடுவதிலேயே பாதிப் பொழுதைக் கழிப்பர். நக மரபினர் கட்டைவிரல் நகத்தால் மடிப்பை அழுத்தி, மறுபக்கமும் திருப்பி அழுத்தி, நாக்கில் ஈரம் தொட்டுக் கிழிப்பர். சாயம் போகும் தாளானால் வெற்றிலை போடாமலே வாய் சிவக்கும்.

4. வகைப்பாடு

அ) மளிகைத் துண்டு: ஒரு பக்கம் தமிழில் "துவரம்பருப்பு", மறுபக்கம் கடைக்காரருக்காகக் கன்னடத்தில் "தொகரி பேளெ".
ஆ) பஞ்சாங்கத் துண்டு: அடையாளத்துக்காகச் செருகப்பட்டு, எந்த நாளுக்கென்பது மறந்துபோனது.
இ) முட்டுத் துண்டு: ஆடும் கொலுப்படியின் கீழ் வைப்பது. நான்கு முறை மடித்தால் 16 அடுக்கு, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் உயரம். மேலே அமர்ந்திருக்கும் மகாராஜா நிலைகுலையாமல் இருப்பது இதனால்தான்.

5. கண்டுபிடிப்பு

துண்டு 210க்கு 87. அதிலிருந்து 87 அளவில் இரண்டு சதுரங்களை எடுத்தால் மிஞ்சுவது 87க்கு 36. விகிதம் மாறவில்லை: நீளம் அகலத்தைப்போல் சுமார் 2.41 மடங்கு. அதிலும் இரண்டு சதுரம் எடுத்தால் 36க்கு 15. ஏ4 தாளின் பக்கங்கள் 1க்கு √2 என்ற விகிதத்தில் இருப்பதால் விளையும் அதிசயம் இது. கணக்குப்படி இதற்கு முடிவே இல்லை. விரல்நகத்தைவிடச் சிறிதாகும்போது கணக்கு நிற்காது, கைதான் நிற்கும்.

6. ஒப்பாய்வு

மைசூரில் தயாராகும் இன்னொரு நீளத் தாள் ரூபாய் நோட்டு. தாளாலையும் அச்சகமும் இங்கேயே உள்ளன. 500 ரூபாய் நோட்டு 150க்கு 66. அதிலும் இரண்டு சதுரங்களை (தாளில் வரைந்து மட்டும்) கழித்துப் பார்த்தோம். மிஞ்சியது 66க்கு 18, அதாவது ஒல்லிக்குச்சியான வேறொரு உருவம். ஐந்நூறை மாற்றினால் மிச்சம் தங்குவதில்லை என்ற இல்லத்தரசிகளின் நெடுநாள் கூற்றுக்கு இது வடிவியல் ஆதாரம்.

7. முடிவு

விஜயதசமி கழிந்ததும் சதுரங்கள் தோரணத்தோடு குப்பைக்குப் போகின்றன. துண்டுகளோ மேசை இழுப்பறையில் அடுத்த புரட்டாசி வரை உழைக்கின்றன. ஆகவே மக்கள் ஏ4 வாங்குவதே துண்டுக்காகத்தான், சதுரம் அதன் உபவிளைவு என்று இவ்வாய்வு நிறுவுகிறது. மறுப்போர் தம் வாதத்தை 87 மில்லிமீட்டருக்குள் எழுதி அனுப்பலாம். முழுத்தாளில் வரும் மறுப்புகள் சதுரமாக்கப்பட்ட பிறகே படிக்கப்படும்.